கண் சிமிட்டும் கெளுத்தி

காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் தைரியராஜ் என்றால் ஒரு மரியாதை உண்டு. ஆள் ஆறடிக்கு மேல் இருப்பார். குரல் அதைவிடப் பெரிது. அவர் ஏலம் விட ஆரம்பித்தால் எதிர்வரிசைக் கடைக்காரர்கள் போன் பேசுவதை நிறுத்திவிட்டு, முடியட்டும் என்று காத்திருப்பார்கள். ஒருமுறை தொட்டியத்திலிருந்து வந்த பூவன் தார்களுக்கு நடுவே நல்ல பாம்பு ஒன்று தலையைத் தூக்கியது. லோடு இறக்குகிறவர்கள் லாரியிலிருந்து குதித்து ஓடினார்கள். தைரியராஜ் ஒரு சாக்கை மேலே போட்டு, பாம்பை அப்படியே அள்ளிக்கொண்டு போய் ஆற்றங்கரைப் புதரில் விட்டுவிட்டு வந்து, பாதியில் வைத்த டீயைக் குடித்து முடித்தார்.

அந்த தைரியராஜுக்கு சினிமாவில் வரும் ராட்சத ஜந்துக்கள் மட்டும் ஆகாது. பேய்ப் படம் பரவாயில்லை. பேய் வந்தால் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொள்ளலாம். தென்னை மர உயரப் பல்லி வந்தால் யாரிடம் போய் முறையிடுவது? அது வரும்போது வயிற்றில் ஏதோ கழன்று விழுவது போல இருக்கும் என்பார். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவருக்குத் தெரியாது.

அவர் மனைவி லிசிக்கோ உலகத்திலேயே பிடித்த விஷயம் அதுதான். அவள் புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். பெரிய கம்பெனிகள் கம்ப்யூட்டரில் செய்து அனுப்பும் பளபளப்பான மிருகங்கள் அவளுக்கு வேண்டாம். தென்னந்துடைப்பக் குச்சியால் கால் செய்து வைத்த சிலந்தி, உட்கார்ந்தால் இடுப்பில் மடிப்பு விழும் முதலை, திரும்பினால் முதுகில் ஜிப் தெரியும் பல்லி, இவைதான் வேண்டும். எந்த நாட்டுப் படமானாலும் சரி, மோசமான தமிழ் டப்பிங் இருந்தால் இன்னும் விசேஷம்.

"நாள் பூரா ரத்தத்தப் பாத்துட்டு லீவு நாள்லயும் ரத்தமா லிசி?" என்று உடன் வேலை பார்க்கும் ஷஹனாஸ் ஒருநாள் கேட்டாள்.

"அது ரத்தமா? ரோஸ்மில்க். பாத்தாலே தெரியும்" என்றாள் லிசி. "அதுல ஒருத்தன் கடிபட்டு விழுவான். கொஞ்ச நேரம் கழிச்சு எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருப்பான்னு எனக்கு நல்லாத் தெரியும். நம்ம வார்டுல எவன் அப்படி எந்திரிச்சுப் போறான், சொல்லு."

ஷஹனாஸ் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள்.

வாரத்தில் லிசிக்கு எந்த நாள் ஓய்வோ அந்த நாளில் இருவரும் பகல் காட்சிக்குப் போவார்கள். தியேட்டரில் அந்த மாதிரிப் படம் இல்லையென்றால் வீட்டு ஹாலில் டிவி. தைரியராஜ் விரல் இடுக்கு வழியாகத்தான் பார்ப்பார். ஜந்து வரும்போது அவள் கையைப் பிடித்து நெரிப்பார். ஆனாலும் வரமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வேலை முடிந்து வரும் லிசி பல நாள் பேசாமலே சாப்பிட்டு, பேசாமலே படுத்துவிடுவாள். அந்தப் படங்களின் போதுதான் வாய்விட்டுச் சிரிப்பாள். அதற்காக ஒரு பல்லியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு சுவரில் லிசி அந்த போஸ்டரைப் பார்த்தாள். 'கெளுத்தாசுரன்' என்று பச்சை எழுத்து. கீழே, 'இது மீன் அல்ல, மரணம்!' நடுவில் மீசை வைத்த ஒரு முகம், மீனா எருமையா என்று சொல்ல முடியாதபடி. நம்ம ஊர்ப் படம், கொள்ளிடத்தில் எடுத்தது என்று ஓரத்தில் சிறிதாகப் போட்டிருந்தார்கள். லிசி அங்கேயே வண்டியை நிறுத்தி, அதை போட்டோ எடுத்து மண்டிக்கு அனுப்பினாள். போட்டோவைப் பார்த்த தைரியராஜ் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு பழைய தியேட்டரில், காலைக் காட்சி. முன்வரிசைகள் முழுக்க துவாக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்த கல்லூரி மாணவர்கள். கிண்டல் செய்வதற்கென்றே வந்திருந்தார்கள். நடுவில் சில குடும்பங்கள். கடைசி வரிசையில் ஒல்லியான ஓர் இளைஞன், இருட்டில் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தான். படத்தை இயக்கியவன் அவன்தான். பெயர் ஆராவமுதன். ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரன். பெங்களூரில் பார்த்துவந்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து இந்தப் படத்தை எடுத்திருந்தான்.

கதை இதுதான். கொள்ளிடத்து மடு ஒன்றில் ஏதோ கெமிக்கல் கலக்கிறது. அதைக் குடித்த கெளுத்தி ஒன்று வளர்ந்து, கால் முளைத்து, கரையேறி ஊருக்குள் வருகிறது. ஆராவமுதன் வீட்டில் மீன் சமைத்தது கிடையாது. அவன் மீனைக் கிட்டத்தில் பார்த்ததும் கிடையாது. அதனால் அவனுடைய கெளுத்திக்கு முழங்கால் இருந்தது, கழுத்து இருந்தது, கண்ணுக்கு இமையும் இருந்தது.

இடைவேளைக்குச் சற்று முன் கதாநாயகி ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நாணல் அசைந்தது. ஒரு மீசை வெளியே வந்தது. பிறகு இன்னொரு மீசை. பிறகு கெளுத்தாசுரன் முழுசாக எழுந்து நின்று, கேமராவைப் பார்த்துக் கையசைத்தது. உள்ளே இருந்தவர் ஜவுளிக்கடை வாசலில் கரடி வேஷம் போட்டுக் குழந்தைகளுக்குக் கை கொடுக்கிறவர். பழக்கம் விடவில்லை.

தியேட்டர் குலுங்கியது. "டாட்டா! டாட்டா!" என்று மாணவர்கள் எழுந்து நின்று பதிலுக்குக் கையசைத்தார்கள். லிசி சிரிப்புத் தாங்காமல் முன்சீட்டின் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

அப்போது திரை நிறைய அந்த முகம் வந்தது. உருண்டையான இரண்டு கண்கள். அவை மெதுவாக ஒருமுறை மூடித் திறந்தன.

"ஆரோக்கிய மாதாவே!"

மண்டியில் கேட்கும் அதே குரல். தைரியராஜ் எழுந்தார். வரிசையின் ஓரமாகப் போக அவருக்குப் பொறுமை இல்லை. பின்சீட்டைத் தாண்டினார், அதற்குப் பின்சீட்டையும் தாண்டினார், யாருடைய மடியிலோ இருந்த பாப்கார்னில் கால் வைத்தார், கதவை இடித்துத் திறந்துகொண்டு வெளிச்சத்துக்குள் ஓடினார். உள்ளே அதுவரை கேட்காத சிரிப்புச் சத்தம் எழுந்தது. லிசியும் அந்தச் சிரிப்பில் இருந்தாள்.

கடைசி வரிசை இளைஞனும் எழுந்து அவர் பின்னால் ஓடினான்.

கேன்டீன் பக்கத்துப் படிக்கட்டில் தைரியராஜ் சோடா பாட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சார்… நீங்க நெஜமாவே பயந்தேளா?"

"யார் தம்பி நீ?"

"நான்தான் சார் டைரக்டர்."

தைரியராஜ் நிமிர்ந்து பார்த்த பார்வையில் ஆராவமுதன் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டான். ஆனால் போய்விடவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

"காலைலேர்ந்து எல்லாரும் சிரிக்கறா சார். என் பெரியப்பா சிரிக்கறார். எடிட்டிங் பண்ணினவனே சிரிக்கறான். நீங்க ஒருத்தர்தான்…" அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எந்த எடத்துல சார்? எது பயமா இருந்தது?"

"அந்தக் கண்ணு" என்றார் தைரியராஜ். சொல்லும்போதே மறுபடி வியர்த்தது. "சிமிட்டுச்சே."

"ஐயோ, அது தப்பு சார். மீனுக்கு இமையே கெடையாதாம். எல்லாரும் அதைத்தான் கிண்டல் பண்றா."

"அதத்தான் தம்பி சொல்றேன். மீனு கண்ணு சிமிட்டாது. சிமிட்டுச்சுன்னா அப்ப அது மீனு இல்ல. வேற என்னமோ. அந்த என்னமோ என்னைப் பாக்குது."

ஆராவமுதன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதற்குள் லிசி வெளியே வந்துவிட்டாள். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் சீட்டைத் தாண்டி ஓடியதை மாணவன் ஒருவன் போனில் எடுத்திருந்தான். மறுநாள் அது ஊர் முழுக்கப் பரவியது. மண்டியில் தைரியராஜ் நடந்தால் பின்னால் யாராவது "டாட்டா" என்றார்கள். பக்கத்துக் கடை நல்லுசாமி அதைவிட மோசம். ஏலம் சூடு பிடிக்கும் நேரத்தில் எதிரே வந்து நின்று, வாயைக் கெளுத்தி போலத் திறந்து, மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பார். தைரியராஜுக்குச் சொல்ல வந்த விலை மறந்துபோகும்.

தியேட்டரிலோ கூட்டம் சேர்ந்தது. படத்தைப் பார்க்க அல்ல. "அந்த அண்ணன் வர்ற ஷோ எதுங்க?" என்று டிக்கெட் கவுன்டரில் கேட்டார்கள். மேனேஜர் எப்படியோ நம்பரைக் கண்டுபிடித்து தைரியராஜைக் கூப்பிட்டார். "இன்னைக்கு ஒரு தடவ வந்து பயந்துட்டுப் போனீங்கன்னா புண்ணியமாப் போவும் சார். போக வர ஆட்டோ அனுப்பிடறேன்." தைரியராஜ் போனை வைத்துவிட்டார்.

அன்று சாப்பாட்டின்போது லிசி, "ஒரு வாரத்துல எல்லாரும் மறந்துருவாங்க, விடுங்க" என்றாள்.

"நீயும் சிரிச்ச."

"எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் வந்துருச்சு."

"அதக் கேக்கல. கல்யாணமான நாள்லேர்ந்து பக்கத்துல உக்காந்து சிரிக்கறியே. நீ அந்தப் பல்லியப் பாத்துச் சிரிக்கறன்னு நெனச்சிட்டிருந்தேன். என்னையப் பாத்தா சிரிச்சிட்டிருந்த?"

லிசி குழம்புக் கரண்டியை எடுத்து, மறுபடி வைத்தாள். அந்தத் தாமதமே போதும் என்பது போல அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அடுத்த ஓய்வு நாளில் அவர் வரவில்லை. கணக்கு பார்க்கணும் என்றார். லிசி தனியாகப் போனாள். வேறு ஏதோ தேசத்துப் படம். ராட்சதப் பல்லி ஒன்று ஒரு நகரத்தையே தரைமட்டமாக்கியது. வால் சரியாக ஒட்டாமல் தனியாகத் தொங்கியது. முன்பென்றால் அந்த வாலுக்கே அவள் வாரம் முழுக்கச் சிரித்திருப்பாள். இப்போது கொட்டாவி வந்தது. நெரிபடாத கையை மடியில் வைத்துக்கொண்டு, படம் முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டாள்.

இதற்கிடையில் ஆராவமுதன் மண்டிக்கே வந்தான். தன் படத்தால் அவருக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அவனுக்கு உண்மையிலேயே வருத்தம். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தான்.

"எங்காத்துக்கு வாங்கோ சார். பகல் வெளிச்சத்துல அதைக் காட்டறேன். பஞ்சையும் துணியையும் ஒருதரம் கையால தொட்டுப் பாத்துட்டா, அப்புறம் பயமே வராது."

தைரியராஜ் லிசியிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் தனியாகப் போவதற்கும் தயக்கமாக இருந்தது. எங்கே, எதற்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். லிசி கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டாள்.

ஆராவமுதனின் அம்மா வாசலிலேயே நின்று வரவேற்றார். "வாங்கோ, வாங்கோ. நீங்கதானா அது? ரொம்ப சந்தோஷம். இவன் எடுத்ததை நம்பின ஒரே மனுஷர் நீங்கதான்." மாடிக்கு வழிகாட்டியபடியே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மீனைப் போய் ஆத்துல வெச்சிண்டிருக்கோமேன்னு எனக்கு மொதல்ல மனசே ஆறலை. அப்புறம் மத்ஸ்யாவதாரம்னு நெனச்சுண்டுட்டேன். இப்ப ஒண்ணும் தோணறதில்லை."

மொட்டை மாடியில் ஒரு பக்கம் வெள்ளைத் துணி விரித்து வடாம் காய்ந்துகொண்டிருந்தது. மறுபக்கம், நைலான் கொடியில் கெளுத்தாசுரன் தலையில்லாமல் தொங்கியது. தலை தனியாக ஸ்டூல் மேல் இருந்தது. அதை நல்லவேளையாகத் துண்டால் மூடியிருந்தார்கள். பக்கத்தில் நெடுநெடுவென்று ஒருவர் பல் தெரியச் சிரித்தபடி நின்றார்.

"நான்தான் சார் உள்ள இருந்தது. சின்னையன்."

தைரியராஜ் அவரோடு கை குலுக்கினார். உடம்பைத் தொட்டுப் பார்த்தார். பழைய மெத்தை. அமுக்கினால் அமுங்கியது. மீசை சைக்கிள் ட்யூப். செதில்கள் எல்லாம் யோகா பாயை வெட்டி ஒட்டியவை. முதுகு ஜிப்பை அவரே மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். சிரிக்கவும் செய்தார்.

"கண்ணு எப்படிச் சிமிட்டுது?"

"அதுவா? பிளாஸ்டிக் பந்தை ரெண்டா வெட்டி இமையா வெச்சிருக்கு சார். ஒரு நூலு வாய் கிட்ட தொங்கும். அதக் கடிச்சு இழுத்தா மூடும், விட்டா தொறக்கும். ரெண்டு கையும் மீனுக்கு வேணும்ல? அதான் பல்லு."

"இவ்வளவுதானா!" தைரியராஜ் லிசியைத் திரும்பிப் பார்த்தார். பல நாளுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்திருந்தது. "போடுங்க பாப்போம், சின்னையன்."

சின்னையன் கால்களை உள்ளே விட்டார். தைரியராஜ் தோளைப் பிடித்து உதவினார். ஜிப்பை இழுத்து மூடிவிட்டவரும் அவர்தான். ஆராவமுதன் தலையை எடுத்து மாட்டினான். சின்னையன் உள்ளே நூலைத் தேடிக் கடித்தார். கண்கள் மெதுவாக மூடித் திறந்தன.

அடுத்த நொடி தைரியராஜ் மாடியில் இல்லை. வடாத்தின் நடுவே இரண்டு பெரிய காலடிகள் மட்டும் இருந்தன.

அவர் கீழே சமையலறையில், ஆராவமுதனின் அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா அவருடைய தோளுயரம் கூட இல்லை. அந்த அம்மாதான் கரண்டியை ஓங்கியபடி மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சின்னையா, அதைக் கழட்டிட்டுத்தான் கீழ எறங்கணும், சொல்லிட்டேன்! பாவம், இந்த மனுஷருக்கு வேர்த்துக் கொட்டறது!"

லிசி ஓடிவந்தாள். இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நர்ஸ் புத்தி, நாடியைப் பிடித்தாள். அது குதிரை போல ஓடியது.

"நீங்கதானே ஜிப்பு போட்டு விட்டீங்க? உள்ள இருக்கறது அவருன்னு தெரியும்ல?"

"எனக்குத் தெரியும் லிசி" என்றார் தைரியராஜ் பரிதாபமாக. "அந்தக் கெளுத்திக்குத் தெரியலையே!"

காபி வந்தது. சமையலறைத் தரையிலேயே இருவரும் உட்கார்ந்தார்கள். ஆராவமுதனின் அம்மா நாசூக்கு தெரிந்தவர். வடாத்தைப் பார்க்க மாடிக்குப் போய்விட்டார்.

"அன்னைக்குக் கேட்டீங்கள்ல" என்று ஆரம்பித்தாள் லிசி. "உங்களப் பாத்தும்தான் சிரிச்சிருக்கேன். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வராம போய் உக்காந்தேன் பாருங்க, அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பல்லி ஊரையே இடிக்குது, எனக்குத் தூக்கம் வருது. பக்கத்துல ஒருத்தரு நம்பினாத்தாங்க அது பல்லி. இல்லைன்னா வெறும் பெட்ஷீட்டு."

தைரியராஜ் டபராவில் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறி நெடுநேரம் ஆகியிருந்தது.

"அது என்ன வால் தொங்குற பல்லியா?" என்று கேட்டார் கடைசியில். "போஸ்டர்ல பாத்தேன்."

"அதேதான். வாலு தனியா வருது, உடம்பு தனியா வருது."

"ச்சே" என்றார் அவர். தான் பார்க்காமல் விட்டதில் ஒரு சின்ன வருத்தம் இருந்தது போலத்தான் பட்டது.

அந்த நேரத்தில் ஆராவமுதன் போனும் கையுமாக வந்தான். வேஷத்தைக் கழற்றிவிட்டுச் சின்னையனும் பின்னாலேயே வந்தார். தியேட்டர் மேனேஜர் பேசினாராம். கூட்டம் குறைய ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு கெளுத்தாசுரனையே வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்கிறார். ஆனால் தீபாவளி நெருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையில் சின்னையனைக் கரடி வேலையிலிருந்து ஜவுளிக்கடைக்காரர் விடமாட்டார். மெத்தைக்குள் நிற்க அந்த உயரத்தில் வேறு ஆள் வேண்டும்.

எல்லோரும் தைரியராஜைப் பார்த்தார்கள்.

"ஏங்க, வெளிய நின்னாத்தானே அது உங்களப் பாக்கும்?" என்றாள் லிசி. "உள்ள போயிட்டீங்கன்னா?"

"ஆமா சார்" என்றார் சின்னையன். "உள்ளேர்ந்து பாத்தா அதோட மூஞ்சியே தெரியாது. ஊருல உள்ள மத்த எல்லாரும்தான் தெரிவாங்க. அவங்க மூஞ்சியப் பாக்கணுமே! எனக்கு அதுக்குத்தான் சார் இந்தத் தொழிலே புடிக்கும்."

தைரியராஜ் காபி டம்ளரைக் கீழே வைத்தார். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "நான் நிக்கிற எடத்துல கண்ணாடி எதுவும் இருக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் வரவேற்பறையின் சுவர்க் கண்ணாடிகளை எல்லாம் பழைய போஸ்டர் ஒட்டி மறைத்துவிட்டார்கள். தைரியராஜ் சின்னையனை விட அகலம். ஜிப் பாதிக்கு மேல் ஏறவில்லை. லிசி அவர் முதுகில் முழங்காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒரே இழுப்பாக இழுத்து மூடினாள். தலையை மாட்டும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு உள்ளே நூலைக் கடித்து, ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வேலை செய்தது.

கதவைத் திறந்ததும் கூட்டம் உள்ளே வந்தது. தைரியராஜ் மெல்லக் கண்ணைத் திறந்தார். வாயின் சல்லடைத் துணி வழியாக எல்லாம் தெரிந்தது. குழந்தைகள் அப்பாக்களின் காலைக் கட்டிக்கொண்டார்கள். அந்த வீடியோவை எடுத்த மாணவனே கொஞ்ச தூரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். தைரியராஜ் அவனைப் பார்த்து நூலை மெதுவாக இழுத்தார். அவனுடைய சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. தைரியராஜுக்குள் ஒரு சந்தோஷம் ஊறியது. அவனைப் பார்த்தே இன்னும் இரண்டு தடவை சிமிட்டினார். மெத்தைக்குள் வியர்வை ஆறாக ஓடியது. அதை அவர் கவனிக்கவே இல்லை. அசையாமல் நின்றால் இன்னும் பயமாக இருக்கும் என்று தோன்றியது. எனவே அசையாமல் நின்றார்.

அதுதான் வினையானது. கைக்குட்டையால் விசிறிக்கொண்டு ஓரமாக நின்றிருந்த லிசிக்கு, கெளுத்தி நெடுநேரமாக ஆடாமல் நிற்பது கண்ணில் பட்டது. ஐப்பசி மாதத்துப் புழுக்கம். உள்ளே பஞ்சு மெத்தை. அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை வேறு உண்டு.

"என்னங்க?" என்று கிட்டே வந்து கேட்டாள்.

நூல் பல்லுக்கு நடுவே இருந்தது. வாயைத் திறந்தால் நூல் விழுந்துவிடும். விழுந்தால் மறுபடி கழற்றி மாட்ட வேண்டும். அந்த மாணவன் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறான். தைரியராஜ் பதில் சொல்லவில்லை.

"என்னங்க! ஏங்க! கேக்குதா?"

தலையை ஆட்டிக் காட்டலாம் என்று முயன்றார். மீன் தலை கனம். அது ஆடாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

எத்தனையோ விபத்து கேஸ்களைப் பார்த்தும் குரல் உயர்த்தாத லிசி, அன்று அந்தத் தியேட்டரே அதிரும்படி அலறினாள். "ஐயோ, மயங்கிட்டாரு! புடிங்க! யாராச்சும் புடிங்களேன்!" ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. மேனேஜர் ஒரு காலைப் பிடித்தார். ஆராவமுதன் மீசையைப் பிடித்தான். வீடியோ எடுத்த மாணவன் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். எல்லோருமாகச் சேர்ந்து இழுத்ததில் கெளுத்தாசுரன் தடாலென்று மல்லாக்க விழுந்தது.

தனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல தைரியராஜுக்கு இருந்த ஒரே வழி, நூல். கீழே கிடந்தபடியே அவர் படபடவென்று கண்ணைச் சிமிட்டினார். சுற்றி நின்ற கூட்டம் வீறிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடியது. மாணவன் முதலில் ஓடினான். ஒரு மாமா பாப்கார்ன் இயந்திரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் தைரியராஜ் நூலைத் துப்பினார்.

"ஒண்ணும் இல்ல லிசி! வாயில நூலு! நூலு!"

லிசி தோளிலிருந்து கைப்பையைக் கழற்றி, அந்தக் கெளுத்தியின் மண்டையில் நாலு சாத்து சாத்தினாள். ஒரு கண் கழன்று உருண்டு போய் டிக்கெட் கவுன்டர் அடியில் நின்றது. அடித்து முடித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, மீனின் மேல் தலையை வைத்து அழுதாள்.

"பயந்துட்டியா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"பயந்துட்டேன்."

"ரொம்பவா?"

"வயித்துல என்னமோ கழண்டு விழுந்தாப்ல இருந்துச்சுங்க."

"ஆங்" என்றார் தைரியராஜ் திருப்தியோடு. "அதேதான். அதத்தான் நான் இவ்வளவு நாளா சொல்லிட்டிருந்தேன்."

கேன்டீனில் இளநீர் சீவும் கத்தி இருந்தது. அதைக் கொண்டு முதுகைக் கிழித்து அவரை வெளியே எடுத்தார்கள். அவர் வெளியே வந்ததும் ஓடிப்போன கூட்டம் வாசலில் நின்று கைதட்டியது. இந்தத் தடவை பரவியது, வெள்ளை சுடிதார் போட்ட ஒரு பெண்மணி கைப்பையால் மீனை அடிக்கும் வீடியோ. ஆஸ்பத்திரியில் ஷஹனாஸ் அதைத் தன் போன் முகப்பிலேயே வைத்துக்கொண்டாள். மண்டியில் நல்லுசாமி வந்து வாயைத் திறந்து கண்ணை மூடியபோது, "எங்க வீட்டுல சொல்லட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார் தைரியராஜ். நல்லுசாமி வாயை மூடிக்கொண்டு தன் கடைக்குப் போனார்.

படம் இன்னும் ஒரு வாரம் அல்ல, தீபாவளி வரை ஓடியது. ஆராவமுதனை நம்பி அடுத்த படத்துக்கு ஒருவர் முன்வந்தார். ஜனவரியில் ஒரு மத்தியானம் அவன் கதையை எடுத்துக்கொண்டு தைரியராஜ் வீட்டுக்கு வந்தான். வேறு யாரிடமும் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது அவன் முடிவு. ஹாலில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

"ஓப்பனிங் ஷாட். முக்கொம்பு. மதகு எல்லாம் மூடியிருக்கு" என்று ஆரம்பித்தான் ஆராவமுதன். "மூடின மதகுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து யாரோ கதவைத் தட்டறா மாதிரி ஒரு சத்தம்."

தைரியராஜ் எழுந்துவிட்டார். "டீ போடுறேன்" என்று சமையலறைக்குள் போனார். கதவைப் பாதி சாத்திக்கொண்டார்.

லிசி சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து, "மேல சொல்லுங்க தம்பி" என்றாள். அவள் கண் மின்னியது. "நண்டுதானே?"

"எப்படி மேடம் கண்டுபுடிச்சேள்? நண்டுதான். ஆனா இதுக்கு முடி உண்டு."

உள்ளே ஒரு டம்ளர் கீழே விழுந்தது.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க தம்பி, இங்க சரியாக் கேக்கல" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. ஆராவமுதன் குரலை உயர்த்தினான். நண்டு மதகு ஏறியது, பூங்காவுக்குள் இறங்கியது, ஐஸ்கிரீம் வண்டிக்காரரைப் பார்த்தது. லிசி சிரிக்க ஆரம்பித்தாள்.

"அது செத்துருச்சா?" என்று உள்ளிருந்து கேட்டார் தைரியராஜ்.

"இன்னும் இல்லைங்க!"

"செத்ததும் சொல்லு. டீ ரெடியாத்தான் இருக்கு, அப்புறம் எடுத்துட்டு வரேன்."